வாடிக்கையாளர் வரும் வழியில் பூட்டு எதற்கு?

சிறுதொழிலுக்கு ஏற்றது அங்காடிச் செயலியா, இணையச் செயலியா?

பெங்களூருவில் பலகாரக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். அவர் கையில் ஒரு மென்பொருள் நிறுவனம் அளித்த விலைப்புள்ளி இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ஒன்றும் ஐபோனுக்கு ஒன்றுமாகத் தம் கடைக்கு இரண்டு செயலிகளை உருவாக்க அவர் எண்ணியிருந்தார். அதற்காக வங்கியில் வைத்திருக்கும் வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறிக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னைத் தேடி வருவதுண்டு. “பெரிய கடைகள் எல்லாம் செயலி வைத்திருக்கின்றன. நமக்கும் ஒன்று இல்லையென்றால் வாடிக்கையாளர் மதிப்பாரா?” என்பது அவருடைய கவலை.

முன்கூட்டியே முறிப்பதால் இழக்க நேரும் வட்டியைக் கணக்கிடுவதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்டேன். “உங்கள் கைப்பேசியில் எத்தனை கடைகளின் செயலிகள் இருக்கின்றன?” அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெருநிறுவனங்களின் செயலிகள் மூன்று இருந்தன. மாதந்தோறும் தவறாமல் மளிகை வாங்கும் தெருமுனைக் கடையின் செயலி அவற்றில் இல்லை. அக்கடைக்குச் செயலி உண்டு. இடம் போதவில்லை என்று அவரே அதை நீக்கிவிட்டிருந்தார்.

அவருடைய வாடிக்கையாளர்களும் அவரைப் போன்றவர்களே. சிறு, நடுத்தரத் தொழில் நடத்தும் பெரும்பாலோர்க்கு முதல் தேவை இணையச் செயலிதான். அங்காடியிலிருந்து இறக்கி நிறுவும் செயலி அதற்குப் பின்னரே, அதுவும் தேவைப்பட்டால் மட்டுமே என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை வாசகர்கள்முன் வைக்கிறேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் போன்ற செயலி அங்காடிகளிலிருந்து பதிவிறக்கிக் கைப்பேசியில் நிறுவிக்கொள்வதை இக்கட்டுரையில் அங்காடிச் செயலி என்று குறிப்பிடுகிறேன். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் அது தனித்தனியே உருவாக்கப்பட வேண்டும். இணையச் செயலி என்பது அடிப்படையில் ஓர் இணையதளமே. முகவரியைத் தட்டினால் உலாவியில் உடனே திறக்கும். வாடிக்கையாளர் விரும்பினால் அதன் சின்னத்தைக் கைப்பேசியின் முகப்புத் திரையில் வைத்துக்கொள்ளலாம். அதன்பின் அது முழுத் திரையில், ஏனைய செயலிகளைப் போலவே திறக்கும்.

இதன் உள்ளே நடப்பதும் எளிமையானதே. கடையின் பெயர், சின்னம், நிறம் முதலியவற்றைக் கூறும் சிறு கோப்பு ஒன்று தளத்தோடு இருக்கும். இணையத்திற்கும் பக்கத்திற்கும் இடையே நின்று, ஒருமுறை வந்த படங்களையும் பக்கங்களையும் கைப்பேசியிலேயே சேமித்து வைக்கும் சிறு நிரல் ஒன்றும் இருக்கும். ஆகவே, மறுமுறை திறக்கும்போது பக்கம் விரைந்து வரும். அலைவரிசை இல்லாத இடத்திலும் முன்பு பார்த்த பொருட்பட்டியலைக் காட்ட இயலும். இத்தகைய தளங்களுக்கு ‘முற்போக்கு இணையச் செயலி’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் 2015ஆம் ஆண்டில் வழங்கலாயிற்று.

எண்ணம் அதைவிடப் பழையது. 2007ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்தபோது அதற்குச் செயலி அங்காடி கிடையாது. வெளியார் உருவாக்கும் செயலிகள் இணையத்தின் வழியாகவே இயங்கட்டும் என்றே ஆப்பிள் நிறுவனம் அப்போது கூறியது. அங்காடி திறக்கப்பட்டது 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான். அந்நாளில் உலாவிகளின் ஆற்றல் குறைவு. இணைய வேகமும் குறைவு. எனவே அங்காடிச் செயலிகள் வென்றன. இன்று அவ்விரு குறைகளும் பெருமளவு நீங்கிவிட்டன. ஆனால் ‘தொழில் என்றால் செயலி வேண்டும்’ என்ற எண்ணம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பெங்களூரு நிறுவனங்கள் கற்ற பாடம்

நண்பரின் கடை இருக்கும் அதே நகரத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. 2015ஆம் ஆண்டில், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபிளிப்கார்ட் தன் கைப்பேசி இணையதளத்தை மூடி, வந்தவர்களைச் செயலியை நிறுவுமாறு கூறியது. அதே ஆண்டு மே மாதத்தில் அதன் துணை நிறுவனமான மிந்த்ரா கணினி வழி இணையதளத்தையும் மூடி, செயலியில் மட்டுமே வணிகம் என்று அறிவித்தது. செயலி இருந்தால் வாடிக்கையாளர் வேறெங்கும் போகமாட்டார் என்பது அன்றைய கணிப்பு.

அக்கணிப்பு நீடிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற இணையச் செயலியை ஃபிளிப்கார்ட் வெளியிட்டது. இவ்வகையில் உலக அளவில் முதன்மையான முயற்சிகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. மிந்த்ராவும் 2016ஆம் ஆண்டில் கைப்பேசித் தளத்தையும் கணினித் தளத்தையும் மீண்டும் திறந்தது. ஃபிளிப்கார்ட்டின் அனுபவம் குறித்துக் கூகுள் வெளியிட்ட குறிப்பின்படி, பழைய கைப்பேசித் தளத்தில் 70 விநாடிகள் செலவிட்ட வாடிக்கையாளர் புதியதில் மூன்றரை நிமிடங்கள் செலவிட்டார். பயன்படுத்திய இணையத் தரவின் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. முகப்புத் திரையில் சின்னத்தை வைத்துக்கொண்டு வந்தவர்களிடையே கொள்முதல் சராசரியைவிட 70 விழுக்காடு மிகுந்திருந்தது.

இந்த எண்களைச் சற்று எச்சரிக்கையோடும் பார்க்க வேண்டும். கூகுள் இத்தொழில்நுட்பத்தை முன்னெடுத்த நிறுவனம். மேலும், முகப்பில் சின்னம் வைக்கும் அளவுக்கு விருப்பமுள்ளவர் இயல்பாகவே கூடுதலாக வாங்குவார். என் பார்வையில் எண்களைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நாடறிந்த பெயரும் பெரும் விளம்பரச் செலவும் கொண்ட நிறுவனங்களாலேயே ‘முதலில் நிறுவு, பிறகு வாங்கு’ என்று வாடிக்கையாளரைத் தொடர்ந்து வற்புறுத்த இயலவில்லை. தெருவில் கடை வைத்திருப்பவரால் எப்படி இயலும்?

ஃபிளிப்கார்ட்டுக்குப் பின் ஓலா, மேக்மைட்ரிப் போன்ற நிறுவனங்களும் இணையச் செயலிகளை வெளியிட்டன. 2017ஆம் ஆண்டில் வந்த ‘ட்விட்டர் லைட்’ கைப்பேசியில் 1 மெகாபைட்டுக்கும் குறைவான இடத்தையே எடுத்துக்கொண்டது. விலை குறைந்த கைப்பேசியும் மெதுவான இணைப்பும் உடையவர்களையும் வாடிக்கையாளராக எண்ணியதே இம்முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான காரணம்.

முதற் செலவும் தொடர் செலவும்

கட்டடம் கட்டுபவர் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே எண்ணுவார். செயலி செய்பவர் அதை எண்ணுவதில்லை. நண்பரின் விலைப்புள்ளியில் உருவாக்கும் செலவு மட்டுமே இருந்தது.

அங்காடிச் செயலி ஒருமுறை செய்து முடித்துவிடும் பொருளன்று. கூகுளின் அங்காடியில் உருவாக்குநராகப் பதிவு செய்ய ஒருமுறை 25 டாலர். ஆப்பிளின் அங்காடிக்கு ஆண்டுதோறும் 99 டாலர். இவை பெரிய தொகைகள் அல்ல. பெருஞ்செலவு வேறிடத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டும் ஐபோன் இயங்குதளமும் ஆண்டுதோறும் புதிய பதிப்பு காண்கின்றன. அதற்கேற்பச் செயலியையும் புதுப்பித்து வர வேண்டும். நெடுநாள் புதுப்பிக்கப்படாத செயலியைப் புதிய கைப்பேசி வாங்கியவர் தேடினாலும் அங்காடி காட்டாது. ஆகவே, கடையில் எதுவும் மாறாவிட்டாலும் செயலிக்காக ஆண்டுதோறும் செலவு செய்தாக வேண்டும்.

ஒரே நிரலிலிருந்து இருவகைக் கைப்பேசிக்கும் செயலி தரும் கருவிகள் இப்போது உள்ளன என்பது உண்மை. அவை உருவாக்கும் உழைப்பைக் குறைக்கின்றன. ஆனால் இரு அங்காடிகளின் விதிகள், ஒப்புதல்கள், ஆண்டுப் புதுப்பிப்புகள் ஆகியவற்றை அவை நீக்குவதில்லை.

இணையச் செயலியில் நிரல் ஒன்றே. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் மடிக்கணினியிலும் அதுவே திறக்கும். நெய் விலை ஏறியதால் இன்றிரவு மைசூர்பாகின் விலையை மாற்றினால், நாளைக் காலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் புதிய விலையே தெரியும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு பழைய முறையிலேயே ஆணை அனுப்பும் வாடிக்கையாளர் என்ற சிக்கல் எழுவதில்லை. தளத்தின் பெயருக்கும் அதை ஏற்றிவைத்திருக்கும் சேவைக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களும் அவ்வப்போது செய்ய வேண்டும். எனினும் ஒன்றைப் பராமரிப்பதற்கும் இரண்டைப் பராமரிப்பதற்கும் உள்ள வேறுபாடு கணக்கேட்டில் தெரியும்.

வாடிக்கையாளர் வந்து சேரும் வழியும் சுருங்குகிறது. தளத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பலகாரப் பெட்டியின் மேல் கியூஆர் குறியாக அச்சிடலாம். தேடுபொறியிலும் அது அகப்படும். தீபாவளிக்கு வந்த இனிப்பைச் சுவைத்த உறவினர் பெட்டியில் உள்ள குறியை ஸ்கேன் செய்தால் அடுத்த நொடி கடைக்குள் இருப்பார். அதே இடத்தில் ‘செயலியை நிறுவுங்கள்’ என்று வந்தால், பெரும்பாலோர் பெட்டியை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பர்.

சாவி யாரிடம் இருக்கிறது?

அங்காடிச் செயலி என்பது ஒருவகையில் வாடகைக் கடை. விதிகளை வகுப்பவர் அங்காடியின் உரிமையாளர். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அன்று பேடிஎம் செயலி கூகுள் அங்காடியிலிருந்து நீக்கப்பட்டுச் சில மணி நேரத்திற்குப் பின் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று, கட்டணம் தொடர்பான பிணக்கில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்களின் செயலிகள் நீக்கப்பட்டன. மத்திய அரசு தலையிட்டது. சில நாட்களில் செயலிகள் மீண்டும் இடம்பெற்றன. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நம் பொருளன்று. பெருநிறுவனத்திற்காகக் குரல் கொடுக்கப் பலர் உண்டு. சிறு வணிகரின் செயலி ஒரு விதிமீறல் ஐயத்தால் நீக்கப்பட்டால், அவர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தமக்கென இணைய முகவரி வைத்திருப்பவருடைய கடை அந்நாளிலும் திறந்தே இருக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். அங்காடிகள் ஒவ்வொரு விற்பனையிலும் 15 முதல் 30 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளும் என்று பலர் கூறுவர். இக்கழிவு செயலிக்குள் விற்கப்படும் மின்னணுப் பொருள்களுக்கும் சந்தாக்களுக்கும் உரியது. முறுக்கு, புடவை, மருந்து போன்ற பொருள்களுக்கு அது இல்லை. எனவே பலகாரக் கடைக்காரர் இக்கழிவை அஞ்ச வேண்டியதில்லை. இணைய வழிப் பாடமோ இசை வகுப்போ நடத்துபவர் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு என்னும் கணக்கு

வங்கி வாடிக்கையாளர்கள் என்ற முறையில் நாம் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய பகுதி இது. வாகன அபராத ரசீது, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியே செயலிக் கோப்புகளை அனுப்பி, அவற்றை நிறுவியவரின் கைப்பேசிக்குள் புகுந்து பணத்தைத் திருடும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. முன்பின் தெரியாத எதையும் நிறுவாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் கூறி வருகின்றன. அப்படியிருக்க, ஒவ்வொரு கடையும் ‘எங்கள் செயலியை நிறுவுங்கள்’ என்று கேட்பது எத்தகைய பழக்கத்தை வளர்க்கும்? நிறுவுவது அரிய செயலாக இருக்க வேண்டும். அன்றாடப் பழக்கமாகிவிட்டால் எச்சரிக்கை உணர்வு மழுங்கும்.

மேலும், நிறுவப்பட்ட செயலி உரிய அனுமதி பெற்றால் தொடர்புப் பட்டியல், குறுஞ்செய்திகள், அழைப்பு விவரம் போன்றவற்றை எட்ட முடியும். சில கடன் செயலிகள் இதைத் தவறாகப் பயன்படுத்திய பின்னரே, மின்னணுக் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் அணுகக் கூடாது என்று 2022ஆம் ஆண்டில் இந்திய ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. உலாவிக்குள் இயங்கும் இணையச் செயலி வாடிக்கையாளரின் குறுஞ்செய்திப் பெட்டியையோ அழைப்புப் பட்டியலையோ புரட்டிப் பார்க்க இயலாது. பலகாரம் வாங்க வந்தவரிடம் அவை தேவையுமில்லை.

இணையத்திற்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. போலித் தளங்கள் அதில் முதன்மையானவை. எனவே கடைக்காரர் தம் முகவரியைப் பெயர்ப்பலகையிலும் ரசீதிலும் பெட்டியிலும் ஒரே வடிவில் அச்சிட்டு வாடிக்கையாளர் மனத்தில் பதியச் செய்ய வேண்டும். வங்கிகளும் இதையே செய்கின்றன. இந்திய வங்கிகளின் தளங்கள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் தனி முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டில் பணித்தது இக்காரணத்தால்தான்.

பணம் பெறுவதில் இணையச் செயலிக்குத் தடையேதும் இல்லை. வாடிக்கையாளர் ‘பணம் செலுத்துக’ என்பதைத் தட்டினால் அவருடைய கைப்பேசியில் உள்ள யுபிஐ செயலி திறக்கும். அங்கே தொகையைச் சரிபார்த்து ரகசிய எண்ணை இடுவார். கணினியில் வாங்குபவர் திரையில் தோன்றும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்வார். வங்கி வழியாகவோ ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கட்டணத் திரட்டு நிறுவனத்தின் வழியாகவோ இவ்வசதியைப் பெறலாம்.

அப்படியானால் வங்கிக்கு ஏன் செயலி?

இவ்விடத்தில் வாசகர் கேட்கக்கூடிய கேள்வியை நண்பரும் கேட்டார். “உங்கள் வங்கிகள் மட்டும் எங்களைச் செயலி நிறுவச் சொல்கின்றனவே?”

நியாயமான கேள்வி. யுபிஐ சேவை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கை அவருடைய சிம் அட்டையோடும் கைப்பேசியோடும் பிணைக்கிறது. பதிவு செய்யும்போது அதே கைப்பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி சென்று இப்பிணைப்பை உறுதி செய்கிறது. உலாவியால் இதைச் செய்ய இயலாது. வங்கிச் செயலி நாள்தோறும் பயன்படுவது. நிறுவும் சிரமத்திற்கு ஈடான பயன் அதில் உண்டு. வழியெங்கும் இருப்பிடத்தைப் பதிவு செய்ய வேண்டிய விநியோக ஊழியரின் செயலி, கருவிகளோடு நேரடியாக இணைந்து இயங்கும் செயலி, வரைகலை மிகுந்த விளையாட்டு ஆகியவற்றுக்கும் அங்காடிச் செயலியே பொருத்தம்.

இணையச் செயலியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஐபோனில் இணையச் செயலிகளுக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி 2023ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவும் சின்னத்தை முகப்புத் திரையில் வைத்துக்கொண்டவர்க்கே கிடைக்கும். சின்னத்தை அவ்வாறு வைப்பது எப்படி என்று அறியாதவர் இன்றும் பலர். அங்காடியில் பெயர் இருப்பதால் உண்டாகும் நம்பிக்கை சில தொழில்களுக்கு உதவக்கூடும். வாடிக்கையாளர் வாரத்தில் பலமுறை வருகிறார், இணையச் செயலியால் செய்ய முடியாத ஒன்று அவருக்குத் தேவைப்படுகிறது என்னும் இரண்டும் உறுதியானால் அங்காடிச் செயலிக்குச் செலவிடலாம். அவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் பொறுத்திருப்பது நல்லது.

கையொப்பமிடும் முன்

இணையச் செயலிக்கு ஒப்பந்தம் செய்பவரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இணைய முகவரி உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். உருவாக்கித் தருபவரின் பெயரில் அன்று. நிரலும் வாடிக்கையாளர் விவரங்களும் உங்களுக்கே உரியவை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். தளத்தை விலையுயர்ந்த கைப்பேசியில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடையிலேயே விலை குறைந்த கைப்பேசியில், வைஃபை இல்லாமல் திறந்து காட்டச் சொல்லுங்கள். தேவையற்ற தனிவிவரம் எதையும் வாடிக்கையாளரிடம் கேட்காதீர்கள். சேகரித்த விவரத்தைக் காப்பது 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேகரித்தவரின் பொறுப்பு.

நண்பர் வைப்புத்தொகையை முறிக்கவில்லை. கைவசம் இருந்த பணத்திலேயே ஓர் எளிய இணையச் செயலியைச் செய்துகொண்டார். மிச்சமானதில் ஒரு பகுதியை நல்ல படங்கள் எடுப்பதற்கும், வெளியூருக்கு அனுப்பினாலும் முறுக்கு நொறுங்காத பெட்டிகளுக்கும் செலவிட்டார். அது சரியான முதலீடு என்றே எண்ணுகிறேன். வாடிக்கையாளர் அவரைத் தேடி வருவது பலகாரத்திற்காக. வரும் வழியில் ஒரு பூட்டைப் போட்டு, அதன் சாவியை அவரையே பதிவிறக்கச் சொல்லத் தேவையில்லை.